எந்தக் காலில் பிரேக்?
பழைய புல்லட்டில் சிங்காரப்பேட்டைக்கு ஒரு நாள் பயணம்

"டப்... டப்... டப்..."

சத்தம் கேட்டதும் ஊத்தங்கரை டீக்கடையில் இருந்த பெரியவர் எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, இது பழைய புல்லட் ஆச்சே! வலது கால் கியர்தானே? பார்த்துப் போ!" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை!

இரவல் வண்டி

காலை 6 மணிக்குக் கிருஷ்ணகிரியில் புறப்பட்டேன். தனி ஆள். வண்டி, நண்பரின் தகப்பனார் ஓட்டியது.

புல்லட் இங்கிலாந்துக்காரர்களின் வண்டி. 1955-ல் சென்னைக்கு அருகே திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டத் தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். பிறந்த ஊரில் தொழில் நின்ற பிறகும் நம் ஊரில் நிற்கவில்லை.

அதைக் கிளப்புவதே ஒரு வித்தை. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதிக்க வேண்டும். இடது கைப்பிடியில் உள்ள சின்ன லீவரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் மிதித்து, லீவரை விட்டுவிட வேண்டும். பிறகு ஓங்கி ஓர் உதை! முறை தவறினால் வண்டி நம்மைத் திருப்பி உதைக்கும்.

ஆட்டு மந்தை!

ஊத்தங்கரை தாண்டி, பெரிய சாலையை விட்டுக் கிராமத்துச் சாலையில் இறங்கினேன். புளிய மரம், மாந்தோப்பு, வளைவுக்கு மேல் வளைவு. ஒரு வளைவில் திரும்பினால், சாலை முழுக்க ஆடுகள்!

வலது காலை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. கியர்தான் மாறியது!

இன்றைய வண்டிகளில் வலது காலில் பிரேக். இடது காலில் கியர். அந்தக் காலப் புல்லட்டில் இரண்டும் நேர்மாறு. அது எனக்குத் தெரியும். பயத்தில் என் காலுக்குத் தெரியவில்லை!

கை பிரேக்கை இறுகப் பிடித்தேன். ஒரு குட்டிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

ஆடு மேய்த்த அம்மாள் முறைத்தாள். "வண்டி பழசு, ஓட்டறவன் புதுசா?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

படை போன பாதை

சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிழக்குக் கோடி. மலைகளுக்கு நடுவே செங்கத்துக்குப் போகும் கணவாய் இங்கேதான் இருக்கிறது. 1767-ல் ஆங்கிலேயர் படை இந்த வழியாகப் பின்வாங்கியது. ஐதர் அலி துரத்திப் போனார். செங்கத்தில் சண்டை மூண்டது.

அந்த வழியைப் பார்த்தபடி இட்லி சாப்பிட்டேன். பழைய வண்டியின் விளக்கு மங்கல். அதனால் இருட்டுமுன் திரும்பிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் புல்லட் இருக்கலாம். பேரன் ஆசையாகச் சாவி கேட்பான். கொடுங்கள். ஆனால் முதலில் வெறும் மைதானத்தில் பத்துத் தடவை நிறுத்திப் பழகட்டும். தலைக்கவசம் போடட்டும். போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெரியவர் எச்சரித்தால், என்னைப் போலச் சிரிக்க வேண்டாம்!