நெருக்கமும் திரளும்
(சில ஆங்கிலச் சொற்களின் வரலாறு)

ஆங்கிலம் பயிலும் மாணவர்க்கு அகராதி உற்ற துணைவன் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அத்துணைவனே சிற்சில இடங்களில் நம்மை வழிதவறச் செய்வதும் உண்டு. 'க்ரௌட்', 'த்ராங்', 'மாப்', 'ஹோர்ட்', 'காங்க்ரிகேஷன்' என்னும் சொற்களுக்குத் தமிழிற் பொருள் தேடின், பெரும்பாலும் 'கூட்டம்' என்னும் ஒரு சொல்லே எதிர்ப்படும். அதனை நம்பி எழுதப்புகும் மாணவன், ஆலயத்தில் அமைதியாக வழிபடுவோரை 'மாப்' என்று எழுதிவிடுகின்றான். ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடுகின்றார். கோடிட்டது ஏன் என்பது மாணவனுக்கு விளங்குவதில்லை. அது விளங்கவேண்டுமாயின், இச்சொற்களின் பிறப்பைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

முதலில் 'க்ரௌட்' என்பதனை எடுத்துக்கொள்வோம். இஃது இன்று பெயர்ச்சொல்லாகவே நமக்குப் பழக்கமாயிருப்பினும், பழைய ஆங்கிலத்தில் 'தள்ளு', 'நெருக்கு' என்னும் பொருளுடைய வினையாகவே வழங்கிற்று. மக்கள் திரளுக்குப் பெயராக அது வந்தது 16-ஆம் நூற்றாண்டிலேதான். 'த்ராங்' என்பதும் அவ்வாறே 'நெருக்கு' என்னும் பழைய வினையினின்று பிறந்தது. அதற்கு இனமான ஜெர்மானியச் சொல் இன்றும் நெருக்குதலையே குறிக்கின்றது. மூன்றாவது 'ப்ரெஸ்'. இலத்தீன் மொழியில் அழுத்துதலைக் குறிக்கும் சொல்லினின்று இது தோன்றியது. 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், குள்ளனான சகேயு ஜனநெருக்கத்தினால் இயேசுவைக் காணமாட்டாமல் மரத்தின்மீது ஏறிய வரலாற்றில், ஜனத்திரளைச் சுட்ட வந்திருக்கும் சொல் 'ப்ரெஸ்' என்பதே. தாளை எழுத்தின்மேல் வைத்து அழுத்தும் அச்சுப்பொறிக்கும், அதன் வாயிலாகப் பத்திரிகை உலகத்திற்கும் அதே பெயர் வாய்த்தது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவை தலைகளை எண்ணிப் பார்த்தவன் இட்ட பெயர்கள் அல்ல. கூட்டத்தின் நடுவே அகப்பட்டு, விலாவிலும் முதுகிலும் பிறர் உடம்பு அழுத்துவதை உணர்ந்தவன் இட்ட பெயர்கள். ஆகவே, மக்கள் திரளுதலும் பொருள்களைத் திணித்தலும் ஆங்கிலேயர் கருத்தில் ஆதியில் ஒன்றாகவே இருந்தன எனலாம்.

திரளின் நோக்கத்தைக் காட்டும் சொற்கள் வேறு வகையின. 'ஆடியன்ஸ்' என்பது கேட்டல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தமையால், அது செவிசாய்க்க வந்தோரைக் குறிக்கும். 'காங்க்ரிகேஷன்' என்பதன் உள்ளே மந்தை என்னும் சொல் மறைந்திருக்கின்றது. மந்தையாக ஒன்றுசேர்தலே அதன் நேர்ப்பொருள். 'ஹோர்ட்' என்பது துருக்கியர் மொழியிற் பாளையத்தைக் குறித்த 'ஒர்து' என்பதன் திரிபு. நம் நாட்டில் வழங்கும் உருது மொழியின் பெயரும் அப்பாளையத்தினின்றே வந்தது என்பதை அறிவோர் சிலரே.

இனி 'மாப்' என்பதன் வரலாறு சுவையானது. நிலையற்ற மனமுடைய பாமர ஜனம் என்று பொருள்படும் 'மோபிலே வுல்கஸ்' என்னும் இலத்தீன் தொடரை, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரத்தார் தலையை மட்டும் வைத்துக்கொண்டு வாலை வெட்டிவிட்டனர். எஞ்சியதே 'மாப்'. இவ்வாறு சொற்களை முடமாக்குதலை வெறுத்த ஜோனதன் ஸ்விப்ட் என்னும் எழுத்தாளர், 1710-இல் 'டாட்லர்' பத்திரிகையில் இச்சொல்லைக் கண்டித்து எழுதினார். அவர் கண்டனம் பலிக்கவில்லை, சொல் நிலைத்துவிட்டது. ஆனால் பிறந்தபொழுதே அதனுடன் பிறந்த இகழ்ச்சி இன்றும் நீங்கவில்லை. ஆதலின், ஒரு கூட்டத்தை 'மாப்' என்று கூறுபவர் அதனை வருணிப்பதோடு நில்லாது, அதன்மீது தீர்ப்பும் அளித்துவிடுகின்றார்.

திணித்தலைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய விந்தைகள் உள. 'பாக்' என்பது கம்பளி வாணிகஞ் செய்த தாழ்நிலத்து வணிகர் வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்ததென்பர். நம் வண்ணார் கழுதைமேல் ஏற்றும் 'பொதி' என்பதற்கு அது முற்றும் ஒத்தது. நெருக்கி அடைத்தல் என்னும் பொருளுடைய 'ஸ்டிபாரெ' என்னும் இலத்தீன் வினைக்கு இரண்டு வழித்தோன்றல்கள். ஒன்று, ஸ்பானிய மொழி வழியாக வந்து, கப்பலிற் சரக்கு அடுக்கும் தொழிலாளியைக் குறிக்கும் 'ஸ்டீவடோர்'. மற்றொன்று, மலச்சிக்கலைக் குறிக்கும் 'கான்ஸ்டிபேஷன்'. துறைமுகத் தொழிலாளியும் மருத்துவர் மனை நோயாளியும் ஒரு சொல்லின் பேரர்களாயிருத்தல் வியப்பன்றோ! நகைச்சுவை நாடகத்தைக் குறிக்கும் 'ஃபார்ஸ்' என்பதும் திணித்தல் என்னும் பொருளுடையதே. சமய நாடகங்களின் இடையிடையே சிரிப்புக் காட்சிகளைத் திணித்து நடித்தமையால் அப்பெயர் வந்தது.

'க்ராம்' என்னும் சொல்லை மாணவராகிய நமக்கு அறிமுகஞ் செய்யவேண்டுவதில்லை. பைக்குள் துணியைத் திணித்தலுக்கும், கோழியைக் கொழுக்கவைக்க இரையை வலிந்து அதன் தொண்டையிற் புகட்டுதலுக்கும் வழங்கிய அது, பிற்காலத்தில் பரீட்சைக்கு முந்திய இரவில் பாடத்தை மூளையில் அடைத்தலுக்கும் பெயராயிற்று. வலிந்து புகட்டிய இரை கோழிக்குப் பயன்படுவதில்லை, உண்பவனுக்கே பயன்படும். அவ்விதம் அடைத்த பாடமும் பரீட்சைத்தாளுக்கன்றிப் படித்தவனுக்குப் பயன்படுமோ என்பதை நண்பர்களே சிந்திப்பாராக.

இதுகாறும் கூறியவை சொல்லாராய்ச்சி அளவில் இன்பம் தருவன. ஆனால் ஓரிடத்தில் இவ்வாராய்ச்சி மக்களின் உயிரையும் மானத்தையும் தொடுகின்றது. திருவிழாவிலோ விளையாட்டரங்கிலோ ஜனநெருக்கத்தாற் பலர் இறந்தால், ஆங்கிலப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'ஸ்டாம்பீட்' என்று தலைப்பிடுகின்றன. மெக்சிகோ நாட்டு ஸ்பானிய மொழியினின்று 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்திற் புகுந்த அச்சொல், மிரண்டோடும் மாட்டு மந்தையைக் குறிப்பது. மனிதருக்கு அதனை வழங்கும்பொழுது, அவர்கள் அறிவிழந்து மிரண்டோடி ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றனர் என்னும் கருத்து தானாகவே அமைந்துவிடுகின்றது.

நிகழ்வது பெரும்பாலும் அதுவன்று. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால், எவரும் தம் விருப்பப்படி காலெடுத்து வைத்தல் இயலாது. கூட்டம் நீரைப்போல் அலையலையாக அசையத் தொடங்கும். அந்நிலையில் மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்தே பலர் இறக்கின்றனர்; நின்ற நிலையிலேயே உயிர்விடுவாரும் உளர். ஓடுதற்கு இடமே இல்லாதவிடத்து மிரண்டோடினர் என்பது எங்ஙனம் பொருந்தும்? இதற்குரிய சொல் 'க்ரஷ்', அதாவது நசுக்குதல், என்பதே.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கிற் கால்பந்தாட்டம் காணச் சென்றோரில் 97 பேர் இவ்வாறு மாண்டனர். ஜனங்கள் வாயிலை உடைத்துக்கொண்டு புகுந்தனர் என்று அன்று காவல் தலைமையினின்று ஒரு செய்தி பரவிற்று. உண்மையில் வாயிலைத் திறக்க ஆணையிட்டவர் அத்தலைமை அதிகாரியே. உள்ளே புகுந்தவர்கள், ஏற்கெனவே நிறைந்திருந்த வேலியடைப்புகளுக்குள் திருப்பிவிடுவாரின்றிச் சென்று நெருக்குண்டனர். இறந்தோரின் குற்றம் ஏதுமில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது 2016-ஆம் ஆண்டில். இருபத்தேழு ஆண்டுகள் அக்குடும்பத்தார், துயரத்தோடு பழிச்சொல்லையும் சுமந்தனர்.

இவ்விடத்தில் நம் தமிழ் பெருமை கொள்ளலாம். நம் பத்திரிகைகள் எழுதும் 'கூட்ட நெரிசல்' என்னும் தொடர், நசுங்குதலைக் குறிக்கும் 'நெரி' என்னும் வினையடியாகப் பிறந்தது. உள்ளதை உள்ளவாறே உரைக்கின்றது. ஒருவர்மீதும் பழி சுமத்தவில்லை. அதனை ஆங்கிலத்திற் பெயர்க்கும் மாணவன், வழக்கம் பற்றி 'ஸ்டாம்பீட்' என்று எழுதுமுன் ஒருகணம் எழுதுகோலை நிறுத்துவானாக. இறந்தவர்கள் தமக்காகப் பேசமாட்டார்கள். அவர்களைப் பற்றி நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லே அவர்களுக்குச் சாட்சி.