வடிகட்டிக்கும் பாடம் சொல்லித் தரவேண்டும்

தண்டர்பேர்டு போன்ற மின்னஞ்சல் மென்பொருளில் ஸ்பேம் வடிகட்டியை இயக்கிவிட்டால் மறுநாளே பெட்டி சுத்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாதபோது, ‘இது உதவாது’ என்று அணைத்தும் விடுகிறார்கள். உண்மையில் அந்த வடிகட்டி நம்மிடம் பாடம் கேட்கக் காத்திருக்கிறது.

ஸ்பேமுக்கு வயது அதிகம். 1978 மே 3 அன்று, டிஇசி என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சில நூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பிற்காலத்தில் இத்தகைய அஞ்சல்கள் பெருகியபோது, ‘இந்தச் சொல் இருந்தால் தடு’ என்று விதி எழுதிப் பார்த்தார்கள். அனுப்புகிறவர்கள் ஓர் எழுத்தை மாற்றித் தப்பினார்கள். 2002-ல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரை வேறு வழியைப் பரவலாக்கியது. தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இறந்தபின், 1763-ல் வெளியான நிகழ்தகவுக் கணக்குதான் அதன் அடிப்படை.

கணக்கு எளியது. உங்களுக்கு வந்த 100 ஸ்பேம்களில் 40-ல் ‘லாட்டரி’ என்ற சொல் இருக்கிறது, 100 நல்ல கடிதங்களில் ஒன்றில் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சம அளவில் வருமானால், அந்தச் சொல்லோடு வரும் அடுத்த கடிதம் ஸ்பேமாக இருக்க 41-க்கு 40 பங்கு வாய்ப்பு; ஏறக்குறைய 98 சதவீதம். ஆனால் ஒரு சொல்லே தீர்ப்பாகிவிடாது. கிரஹாம் ஒவ்வொரு கடிதத்திலும் மிகத் தெளிவாக ஏதாவது ஒரு பக்கம் சாயும் 15 சொற்களைச் சேர்த்துப் பார்த்தார். நண்பர் லாட்டரியைப் பற்றி எழுதினாலும், அவர் பெயரும் உங்கள் ஊர்ப் பெயரும் கடிதத்தைக் காப்பாற்றிவிடும். மருந்துப் பெயர்கள் பலருக்கு ஸ்பேமின் அடையாளம். மருத்துவருக்கோ அன்றாட வேலை. ஆளுக்கு ஆள் கணக்கு மாறும் என்பதே இந்த முறையின் பெரிய பலம்.

ஆகவே ஸ்பேமை வெறுமனே அழித்தால் வடிகட்டி எதையும் கற்காது. தண்டர்பேர்டில் கடிதத்தைத் தேர்ந்தெடுத்து ‘ஜே’ விசையை அழுத்தினால் அது ஸ்பேம் என்று பதிவாகும். ‘ஷிஃப்ட்’டோடு சேர்த்து அழுத்தினால் நல்ல கடிதம். இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாத வடிகட்டி எதனோடு ஒப்பிடும்? முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களின் கடிதங்களை ஸ்பேமாகக் குறிக்காதே என்ற தெரிவையும் இயக்கி வையுங்கள்.

பத்து ஸ்பேம் கண்ணில் படுவதைவிட ஒரு வேலை நியமனக் கடிதம் தொலைவது பெரிய இழப்பு. கிரஹாமும் இதை எண்ணித்தான் நல்ல கடிதச் சொற்களுக்கு இரட்டை மதிப்புக் கொடுத்தார். வங்கியின் மொழியை அப்படியே நகலெடுக்கும் மோசடி அஞ்சல்கள் மட்டும் இந்தக் கணக்கையும் ஏமாற்றக்கூடும். வடிகட்டி விட்டுவிட்டது என்பதற்காக எந்த இணைப்பையும் சொடுக்காதீர்கள். வடிகட்டி நன்றாகப் பழகும்வரை, பழைய ஸ்பேமைத் தானாக அழிக்கும் வசதியை அணைத்தே வையுங்கள். வாரம் ஒருமுறை ஸ்பேம் கோப்புறையைத் திறந்து பார்த்து, தவறிப்போன நல்ல கடிதங்களை மீட்டெடுங்கள்.