ஸ்பானிஷ் கற்க இங்கிலீஷ் எதுக்கு? தமிழே போதும்!

இங்கிலீஷே வரல, ஸ்பானிஷ் எங்கே வரப்போகுது என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். அந்த பயமே வேண்டாம். ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று பல நாடுகளில் பேசும் இந்த மொழி, சில விஷயங்களில் தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் சுலபம்.

'மே குஸ்தா எல் அர்ரோஸ்' என்றால் 'எனக்கு சோறு பிடிக்கும்'. நம்மைப் போலவே 'எனக்கு' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். நான், நீ என்று தனியாக சொல்ல வேண்டியதில்லை. வார்த்தையின் வாலிலேயே ஆள் தெரிந்து விடும். நண்பனிடம் 'தூ' (நீ), பெரியவர்களிடம் 'உஸ்தேத்' (நீங்கள்).

உஷாராக இருக்க வேண்டியது 'ர' விஷயத்தில்தான். 'பெரோ' என்றால் ஆனால். நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய்!

பொருட்களுக்கும் ஆண், பெண் உண்டு. புத்தகம் ஆண், 'எல் லிப்ரோ'. மேஜை பெண், 'லா மேசா'. காரணம் கேட்டு பிரயோஜனம் இல்லை, மனப்பாடம்தான். 'மேசா' எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? போர்ச்சுகீசியர் மூலம் நம்ம ஊருக்கு வந்த 'மேசை'யும் அதே சொல்தான்.

இங்கிலீஷ் தெரிந்தவர்கள்தான் ஓரிடத்தில் வசமாக மாட்டுகிறார்கள். 'எம்பாரஸ்' என்ற இங்கிலீஷ் சொல்லை நினைத்து, கூச்சமாக இருக்கிறது என்பதற்கு 'எம்பரசாதா' என்று ஒரு பெண் சொன்னால், கர்ப்பமாக இருப்பதாக அர்த்தமாகி விடும்!