இன் பண்ணலாமா, வேண்டாமா?

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வரும். அதில் பி.எஃப். பற்றி இரண்டு பக்கம், லீவு பற்றி மூன்று பக்கம், நாற்காலியில் முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று படத்தோடு ஒரு பக்கம் இருக்கும். உடை பற்றி மட்டும் ஒரே வரி. 'பிஸினஸ் கேஷுவல்.' அவ்வளவுதான்!

பிஸினஸ் என்றால் புரிகிறது. கேஷுவல் என்றாலும் புரிகிறது. இரண்டையும் சேர்த்தால்? 'எளிமையான ஆடம்பரத் திருமணம்' என்று பத்திரிகை அடித்த மாதிரி இருக்கிறது. சந்தேகம் கேட்டால் ஹெச்.ஆர். மேடம் சிரித்துக்கொண்டே, "ஜஸ்ட் டீஸன்ட்டா இருந்தா போதும்" என்பார். டீஸன்ட் என்ற வார்த்தைக்கு அடையாறில் ஒரு அர்த்தம், மன்னார்குடியில் ஒரு அர்த்தம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த வார்த்தையின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டினால் நமக்குப் பாதி பயம் போய்விடும்.

1962-ல் ஹவாய் தீவில் சட்டை தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி, அந்த ஊர் சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பூப்போட்ட சட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். 'இந்த வெயிலில் கோட்டும் டையும் எதற்கு ஸார், இதைப் போடுங்கள்' என்பது கோரிக்கை. 1966 வாக்கில் அங்கே வெள்ளிக்கிழமை என்றால் ஆபீஸுக்குப் பூச்சட்டை என்று ஆகிவிட்டது. வழக்கம் மெள்ளக் கடல் தாண்டி அமெரிக்காவுக்குள் போனது. அங்கே குழப்பம். வெள்ளிக்கிழமை சிலர் ஷார்ட்ஸில் வந்தார்கள், சிலர் கடற்கரைக்குக் கிளம்பிய கோலத்தில் வந்தார்கள். மானேஜர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

1992-ல் லீவைஸ் கம்பெனி இதைக் கவனித்தது. டாக்கர்ஸ் என்ற தன்னுடைய பேண்ட்டை விற்க வேண்டும். எட்டுப் பக்கத்தில் 'ஆபீஸுக்கு எப்படி உடுத்துவது' என்று ஒரு கையேடு அச்சடித்து, சுமார் 25,000 பர்சனல் மானேஜர்களுக்கு அனுப்பியது. அவர்களும் 'அப்பாடா' என்று அதையே வேதமாக எடுத்துக்கொண்டார்கள். அதாவது, பேண்ட் விற்கிறவரே பேண்ட் சட்டத்தையும் எழுதிக் கொடுத்தார்! ஸ்வீட் ஸ்டால்காரர் டயட் சார்ட் எழுதின மாதிரி.

அந்தப் பேண்ட்டின் பிரதான நிறம் என்ன தெரியுமோ? காக்கி! 1840-களில் பெஷாவர் பக்கம் பிரிட்டிஷ் படைக்காகப் புழுதி நிறத்தில் துணியைத் தோய்த்துப் போட்டதில் பிறந்தது. 'காக்' என்றால் தூசி. நம் ஊரில் காக்கி என்றால் போலீஸ், ஆட்டோ, பஸ் கண்டக்டர். ஆகவே ஜவுளிக்கடையில் அதற்குப் 'பிஸ்கட் கலர்', 'சந்தனக் கலர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம்மவர்கள் சாமர்த்தியசாலிகள்.

கட்டம் போட்ட சட்டை கதை இன்னும் வேடிக்கை. 'மெட்ராஸ்' என்ற பெயரில் நம் ஊர்க் கட்டம் போட்ட பருத்தித் துணி 1950, 60-களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் சக்கைப்போடு போட்டது. துவைத்தால் சாயம் போகும். 'அதுதான் ஸார் இதன் அழகே' என்று சொல்லி விற்றார்கள். நம் வீட்டில் கைலி சாயம் போனால் அம்மா கடைக்காரரைத் திட்டுவாள். அங்கே அது ஃபேஷன்.

ஆக, வானத்திலிருந்து விழுந்த சட்டம் எதுவும் இதில் இல்லை. வெயிலும் வியாபாரமும் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம். கற்றுக்கொண்டால் யாருக்கும் வரும். சிக்கல் என்னவென்றால், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. சொல்லாமலே மார்க் மட்டும் போடுகிறார்கள்.

எங்கள் வீட்டு மாடி ரூமில் ஒரு தம்பி குடியிருக்கிறான். டெல்டா பக்கத்துக் கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஓ.எம்.ஆரில் ஓர் ஆபீஸில் வேலை. முதல் நாள் அவன் போட்டுக்கொண்டு போனது பளபளவென்று மெரூன் சட்டை, உள்ளங்கை அகலத்துக்கு பக்கிள் வைத்த பெல்ட், மூக்கு நீண்ட ஷூ. அக்கா கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்தது. அவனிடம் இருந்ததிலேயே மரியாதையான உடை அதுதான். ஆபீஸுக்கு மரியாதை செய்யத்தான் அதைப் போட்டான். ஆபீஸ் திருப்பிக் கொடுத்தது 'மாப்பிள்ளை' என்ற பட்டப்பெயர்.

பையனுக்கு ரோஷம். அடுத்த சனிக்கிழமை ஒரு மாலுக்குப் போய் கிரெடிட் கார்டைத் தேய்த்து, பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பிராண்டட் சட்டைகளாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். எல்லாம் ஸ்லிம் ஃபிட். உட்கார்ந்தால் நாலாவது பட்டன் 'என்னை விட்டுடு' என்று கெஞ்சுகிறது. மூன்று மாதத் தவணை. ராத்திரி டிபன் இரண்டு இட்லியாகச் சுருங்கியது.

இது வரைக்கும் சிரிக்கலாம். அடுத்து நடந்ததுதான் மனசைக் கஷ்டப்படுத்தியது. பெங்களூரிலிருந்து கஸ்டமர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மூன்று மாதம் ராப்பகலாக அந்த வேலையைச் செய்தவன் இவன். "நீயே பேசுப்பா" என்று டீம் லீடர் சொல்லியும், "அவனையே பேசச் சொல்லுங்க ஸார்" என்று பக்கத்து ஸீட்காரனைக் கைகாட்டிவிட்டு, பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். பெயர் பக்கத்து ஸீட்டுக்குப் போனது. "ஏண்டா தம்பி?" என்றேன். "எழுந்து நின்னா எல்லாரும் சட்டையைத்தான் பார்ப்பாங்கண்ணே" என்றான்.

ஒரு சட்டை செய்யக்கூடாத காரியம் இதுதான். நாம் பேச வேண்டிய இடத்தில் அது முந்திக்கொண்டு பேசக் கூடாது. பளபளப்பு, இறுக்கம், கசங்கல், வாசனை எல்லாமே உரக்கப் பேசுபவை. நல்ல உடை என்பது, எதிரே இருப்பவர் இரண்டு நிமிஷத்தில் மறந்துவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கிற உடை.

தம்பியை எங்கள் தெருமுனை டெய்லர் பாயிடம் அழைத்துப் போனேன். முப்பது வருஷமாகக் கத்தரிக்கோல் பிடித்தவர். பையனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சட்டைக்குத் தோள்பட்டைதான் தம்பி அஸ்திவாரம். வயித்துல லூஸா இருந்தா பிடிச்சுக் குடுத்துடலாம். கை நீளமா இருந்தா குறைச்சுடலாம். தோள்ல தப்பாப் போச்சுன்னா அவ்ளோதான், பிரிச்சுப் போட வேண்டியதுதான்."

கடையில் ரெடிமேட் எடுக்கும்போதும் இதுதான் முதல் பாடம். லேபிளைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். காலர் பட்டனைப் போட்டால் உள்ளே இரண்டு விரல் போக வேண்டும். முழுக்கை மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும். பேண்ட் ஷூவின் மேல் ஒரே ஒரு மடிப்பாக விழ வேண்டும். நாலு மடிப்பு விழுந்தால் அண்ணன் பேண்ட். உட்காரும்போது கெண்டைக்கால் தெரிந்தால் தம்பி பேண்ட்.

அப்புறம் உலகப் பிரச்னைக்கு வருவோம். இன் பண்ணலாமா, வேண்டாமா? பதில் சட்டையிலேயே இருக்கிறது. கீழ் ஓரம் வால் மாதிரி வளைந்து நீளமாக இருந்தால், அது உள்ளே போவதற்கென்றே வெட்டிய சட்டை. இன் பண்ணுங்கள். ஓரம் நேராக, பேண்ட் பாக்கெட்டின் பாதிக்கு மேல் இறங்காமல் இருந்தால் வெளியே விடலாம். மீட்டிங் உண்டா, வெளியாட்கள் வருகிறார்களா? யோசிக்கவே வேண்டாம், இன்!

இனி சென்னைக்கென்றே சில சங்கதிகள். அமெரிக்கக் கையேட்டில் இருக்காது.

நம் வெயிலுக்குக் காட்டன், அல்லது காட்டன் தூக்கலான கலப்புத் துணி. முழு பாலியஸ்டர் வேண்டாம். வியர்வையையும் வாசனையையும் வட்டியோடு சேர்த்து வைக்கும். ஸ்கை ப்ளூவும் லைட் க்ரேயும் ஷோகேஸில் அழகு. கிண்டி சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் அக்குளில் இந்திய வரைபடம் வரைந்துவிடும். பைக்கில் போகிறவர்களுக்கு வெள்ளையும் நேவி ப்ளூவும் பத்திரம்.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் பனியன் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் பளிச்சென்று தெரியும். உடம்பு நிறத்தை ஒட்டிய பனியன் அவ்வளவாகத் தெரியாது. மேல் பட்டனைத் திறந்து விடுகிற பழக்கம் இருந்தால் 'வி' கழுத்துப் பனியன்.

பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். ஸாக்ஸ், பேண்ட் நிறம். மழைக்காலத்தில் ஆபீஸ் டிராயரில் ஒரு ஜோடி ஸாக்ஸ் உபரியாக இருக்கட்டும். நனைந்த ஷூவுக்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். (இந்த இதழை வேண்டாம், படித்த பிறகு வேறு ஏதாவது பேப்பரைப் பயன்படுத்தவும்.)

சட்டைப் பாக்கெட்டில் மொபைல், பர்ஸ், இரண்டு பேனா, பஸ் டிக்கெட் என்று குடித்தனம் வைக்காதீர்கள். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். கோயம்பேட்டிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும்.

இப்போது கணக்கு. பி.காம். படித்தவனுக்கு இது இல்லாமல் தூக்கம் வராது.

எங்கள் பேட்டை விலையில் சொல்கிறேன். முழுக்கைச் சட்டைக்கு 58 இஞ்ச் அகலத் துணி 1.60 மீட்டர். மீட்டர் 350 ரூபாய் என்றால் 560. தையல்கூலி 400. மொத்தம் 960. வாரம் ஒரு தரம் வீதம் இரண்டு வருஷத்தில் நூறு தரம் போடலாம். ஒரு தரத்துக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை! தம்பி மாலில் எடுத்த சட்டை ஒன்று 2,200 ரூபாய். பட்டன் கெஞ்சலுக்குப் பயந்து பத்து தரம் போட்டதோடு பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு தரத்துக்கு 220 ரூபாய். எது மலிவு?

ஐந்து சட்டை 4,800. பேண்ட்டுக்கு 1.30 மீட்டர், மீட்டர் 450 வீதம் 585, தையல் 550, ஆக 1,135. மூன்று பேண்ட் 3,405. தோல் ஷூ 2,500, பெல்ட் 600. கூட்டினால் 11,305 ரூபாய். ஐந்து சட்டையை மூன்று பேண்ட்டோடு மாற்றி மாற்றிப் போட்டால் பதினைந்து ஜோடி. மூன்று வாரத்துக்கு ஒரே வேஷம் திரும்பி வராது. பேண்ட் நிறம் நேவி, கிரே, பிஸ்கட் என்று வைத்துக்கொண்டால் எந்தச் சட்டையும் எதனோடும் சண்டை போடாது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கவும் வேண்டாம். மாதம் ஒரு சட்டை, இரண்டு மாதத்துக்கு ஒரு பேண்ட். தவணை கிடையாது, வட்டி கிடையாது, இட்லியும் குறையாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. இஸ்திரி. முன்னூறு ரூபாய்ச் சட்டையும் இஸ்திரி வண்டிக்குப் போய் வந்தால் கம்பீரமாக நிற்கும். மூவாயிரம் ரூபாய்ச் சட்டையும் கசங்கினால் பிளாட்பாரச் சட்டைதான்.

"அதெல்லாம் சரி, வேட்டி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விட மறுத்து, பெரிய விவகாரமாகி, வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்று அந்த வருஷமே சட்டசபையில் சட்டம் வந்தது. 2019-ல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்குச் சொன்ன உடை விதியிலும் பேண்ட் சட்டையோடு வேட்டிக்கும் இடம் உண்டு. தனியார் ஆபீஸ்களில் பொங்கல் சமயத்தில் மட்டும் அதற்கு மவுசு. போகப் போகப் பார்க்கலாம். இன்ஃபோசிஸ்கூட 2015 ஜூனில்தான் வாரம் முழுக்க கேஷுவலாக வரலாம் என்று இறங்கி வந்தது.

தம்பி இப்போது எப்படி இருக்கிறான்? பாய் தைத்த வெளிர் நீலக் கட்டம் போட்ட சட்டையில் (ஆபீஸ் பஸ்ஸில் போகிறவன், சிக்னல் பயம் இல்லை) போன மாதம் அதே பெங்களூர்க்காரர்கள் முன்னால் எழுந்து நின்று நாற்பது நிமிஷம் பேசினானாம். ஏகப்பட்ட கேள்விகள் கேட்டார்களாம். "சட்டையைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களாடா?" என்றேன்.

"அதை யாரும் பார்த்த மாதிரியே தெரியலைண்ணே" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

சந்தோஷத்தில் இன்னும் இரண்டு பேண்ட்டுக்கு அளவு கொடுக்கப் போனான். பாய் இடுப்பை அளந்துவிட்டுப் பையனை ஏற இறங்கப் பார்த்தார். உதவியாளரிடம், "உள்ளே ரெண்டு இஞ்ச் துணி விட்டே தைடா. தம்பிக்கு இன்கிரிமென்ட் வந்திருக்கு, அடுத்து கல்யாணம்தான்" என்றார்.