எடித் கீலரைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஐம்பது நிமிடமே ஓடும் ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் வாதிட்டு வருகிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்தத் தொடரின் பெயர் ‘ஸ்டார் டிரெக்’. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய விஞ்ஞானத் தொடர் அது. 1980களில் நம் தூர்தர்ஷனிலும் வந்ததால் நம் பெற்றோரில் சிலர் அதைப் பார்த்திருக்கக் கூடும். எழுத்தாளர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் இயந்திர நாயைச் சந்தித்துச் சிரித்த தோழியருக்கு விஞ்ஞானக் கதை ஒன்றும் புதிதன்று. ஆனால் நான் எழுதப்போகும் கதையில் சிரிப்பு குறைவு.

ஸ்டார் டிரெக்கின் முதல் பருவத்தில் 29 பகுதிகள் உண்டு. அவற்றில் 28ஆவது பகுதி 1967 ஏப்ரல் 6ஆம் நாள் ஒளிபரப்பானது. ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ என்பது அதன் பெயர். முடிவில்லாக் காலத்தின் விளிம்பில் ஒரு நகரம் என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் ஹார்லன் எலிசன்.

கதை இதுதான். எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தின் மருத்துவர் மெக்காய், தவறுதலாகத் தம் உடலில் ஒரு மருந்தை அளவுக்கு மீறிச் செலுத்திக் கொள்கிறார். புத்தி தடுமாறி அருகிலுள்ள கிரகத்துக்கு ஓடுகிறார். அங்கே கடந்த காலத்துக்குச் செல்லும் வாயில் ஒன்று இருக்கிறது. அதற்குள் குதித்து விடுகிறார். அவர் குதித்த அந்த நொடியே விண்கலம் காணாமற் போகிறது! கடந்த காலத்தில் அவர் செய்த ஏதோ ஒன்றால் வரலாறே மாறிவிட்டது. அதைச் சரிசெய்யத் தலைவர் கிர்க்கும், பாதி மனிதரும் பாதி வேற்றுக்கிரகத்தவருமான ஸ்பாக்கும் பின்தொடர்ந்து செல்கிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் இடம் 1930ஆம் ஆண்டு நியூயார்க். பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர் தெருவெல்லாம் திரிந்த காலம்.

அந்நகரில் எடித் கீலர் என்ற இளம்பெண் ஏழைகளுக்குச் சூப்பும் ரொட்டியும் தரும் இல்லம் ஒன்றை நடத்துகிறாள். ஜோன் காலின்ஸ் என்னும் நடிகை அவ்வேடம் ஏற்றிருக்கிறார். எடித் சும்மா சோறு போடுகிறவள் அல்லள். சூப்பு பரிமாறியபின் பசித்தவர்கள் முன் நின்று, மனிதன் ஒருநாள் அணுவின் ஆற்றலைக் கட்டியாள்வான், விண்கலங்களில் பறப்பான், அப்போது பசியும் நோயும் நீங்கும் என்று பேசுகிறாள். கிர்க்குக்கும் ஸ்பாக்கிற்கும் மணிக்கு 15 சென்ட் கூலியில் வேலை கொடுக்கிறாள். கிர்க் அவளை நேசிக்கத் தொடங்குகிறார்.

ஸ்பாக் பழைய ரேடியோச் சாமான்களைக் கொண்டு ஒரு கருவி செய்து, அதில் எதிர்காலச் செய்தித்தாள்களைப் பார்க்கிறார். ஒரு தாளில் எடித் 1930இலேயே சாலை விபத்தில் இறந்த செய்தி. இன்னொன்றில் 1936இல் அமெரிக்க அதிபர் அவளைச் சந்தித்த செய்தி! இரண்டும் எப்படி உண்மையாகும்? அவள் பிழைத்தால் மாபெரும் சமாதான இயக்கம் தொடங்குவாள். அதனால் அமெரிக்கா உலகப் போரில் இறங்கத் தாமதமாகும். ஜெர்மனி கனநீர் ஆராய்ச்சியை முடித்து அணுகுண்டை முதலில் செய்து, உலகை வென்றுவிடும். கனநீர் என்பது சாதாரண நீரைவிட எடை மிகுந்த ஒருவகை நீர். அணு உலைகளில் பயன்படுவது. மெக்காய் செய்த மாற்றம் இதுதான்: விபத்திலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறார்.

கடைசிக் காட்சியில் எடித் சாலையைக் கடக்கிறாள். லாரி வருகிறது. மெக்காய் பாய்கிறார். கிர்க் அவரை இறுகப் பிடித்து நிறுத்திக் கொள்கிறார். அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? விஞ்ஞானக் கதைகளுக்கென ஹியூகோ பரிசு என்று ஒன்றுண்டு. இதை நடுவர் குழு தருவதில்லை. உலக விஞ்ஞானக் கதை மாநாட்டின் உறுப்பினர்களாகிய ரசிகர்களே வாக்களித்துத் தருகிறார்கள். 1968இல் நாடகப் பிரிவின் இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்தும் ஸ்டார் டிரெக் பகுதிகளே. அவற்றுள் இக்கதை முதலிடம் பெற்றது. அக்காலத்து ரசிகர்கள் வாயால் மட்டும் பேசியவர்கள் அல்லர். தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். 1968 மார்ச் 1ஆம் நாள், அன்றைய பகுதி முடிந்ததும், தொடர் மீண்டும் வரும் என்று என்.பி.சி. அறிவிக்க வேண்டியதாயிற்று.

புகழ்ந்தவர்களே குற்றமும் கண்டுபிடித்தார்கள். எடித் கிளார்க் கேபிளின் படத்துக்குப் போகலாம் என்கிறாள். அந்த நடிகர் புகழ் பெற்றதோ 1931க்குப் பிறகு! இது சிறு பிழைதான். வரலாறு படித்தவர்கள் கேட்ட கேள்வி இதைவிடப் பெரிது. ஒரு பெண்ணின் சமாதானப் பேச்சால் அமெரிக்கா போரில் இறங்காமல் இருந்திருக்குமா? 1941 டிசம்பர் 7இல் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மறுநாளே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை போருக்கு வாக்களித்தது. ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒற்றை வாக்கை அளித்தவர் ஜெனட் ராங்கின் என்ற பெண்மணி. அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. காந்தியடிகளின் வழியை அறிய நம் நாட்டுக்குப் பலமுறை வந்தவர். அவரால் ஒரு நாளைக்கூடத் தாமதிக்கச் செய்ய முடியவில்லை.

அவரைவிட எடித்துக்கு நெருங்கியவர் ஒருவர் உண்டு. நம் பள்ளித் தோழியர் அவசியம் அறிய வேண்டியவர். டோரதி டே என்னும் அவர், 1933 மே மாதம், அதே நியூயார்க்கில், அதே மந்தக் காலத்தில், பீட்டர் மோரினுடன் சேர்ந்து ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு சென்ட் விலையில் பத்திரிகை, பசித்தோருக்குச் சூப்பு, வீடற்றோருக்குத் தங்க இடம். எடித்தின் இல்லத்தை நேரில் பார்ப்பது போல இல்லையா! அவரும் எந்தப் போரும் கூடாது என்றவர். பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகும் அவர் பத்திரிகை அந்த நிலையிலிருந்து மாறவில்லை. அதனால் வாசகர்களை இழந்தார், இல்லங்கள் சில மூடப்பட்டன, நண்பர்கள் விலகினார்கள். ஆயினும் அமெரிக்கா போர் புரிந்தது, ஹிட்லர் தோற்றான், டோரதி டேயோ 1980 வரை ஏழைகளோடு வாழ்ந்தார். 1970இல் கொல்கத்தா வந்து அன்னை தெரசாவையும் கண்டார். இன்று திருச்சபை அவரை ‘இறை ஊழியர்’ என அழைக்கிறது. ஆகவே எடித் பிழைத்தால் உலகம் அழியும் என்ற கதையின் கணக்கை என்னால் முழுவதும் நம்ப முடியவில்லை.

கதை வெளிவந்த காலத்தையும் நோக்க வேண்டும். அப்போது வியட்நாம் போர் நடந்து கொண்டிருந்தது. ஒளிபரப்புக்கு இரண்டே நாள் முன், 1967 ஏப்ரல் 4இல், மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க் தேவாலயம் ஒன்றில் அப்போரை எதிர்த்துப் பேசினார். அந்நேரத்தில், சமாதானம் பேசும் நல்ல பெண்ணால் நாடு கெடும் என்று ஒரு கதை சொன்னால் என்ன பொருள் என்று சிலர் கோபித்தது நியாயமே. ஆனால் கதையிலேயே கிர்க், சமாதானமே சரியான வழி என்கிறார். ஸ்பாக்கும் மறுக்கவில்லை, காலம்தான் தவறு என்கிறார். கதையை ஆதரிப்போர் இதைத்தான் எடுத்துக் காட்டுகின்றனர்.

இன்னொரு கேள்வி என்னை மிகவும் பாதித்தது. மெக்காய் நியூயார்க்கில் மயங்கிக் கிடக்கும்போது, தெருவோர ஏழை ஒருவன் அவருடைய துப்பாக்கியை எடுத்துத் தெரியாமல் இயக்கி, அங்கேயே மறைந்து போகிறான். அவன் இறந்ததால் வரலாறு மாறவில்லையா என்று பார்த்தவர்கள் கேட்டனர். கதையில் அதற்கு விடையில்லை. யாரும் அவனைத் தேடக்கூட இல்லை. எலிசன் முதலில் எழுதிய பிரதியில் இதை மறக்கவில்லை என்று அறிந்தபோது மகிழ்ந்தேன். அதில் வெர்டன் போரில் கால்களை இழந்த ஏழை முன்னாள் வீரர் ஒருவர் வருகிறார். கிர்க்கிற்கு உதவி, உயிரை இழக்கிறார். அவர் இறந்ததால் வரலாறு சிறிதும் மாறவில்லை என்பதே அங்கே துயரம். தொலைக்காட்சியினர் பிரதியைப் பலர் கையால் மாற்றியபோது அவர் காணாமற் போனார். முடிவும் மாறியது. மூலத்தில் கிர்க்கால் மனத்தைக் கல்லாக்கிக் கொள்ள முடியவில்லை, தடுப்பவர் ஸ்பாக். எலிசன் இதற்காகக் கடைசிவரை கோபம் தணியாமல் இருந்தார். அமெரிக்க எழுத்தாளர் சங்கமோ அவருடைய மூலப்பிரதிக்கே பரிசளித்தது.

நம் வகுப்பில் இக்கதையை இடைவேளையில் சொன்னேன். கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. ஒருத்தி, “கோடிப் பேர் சாவதைவிட ஒருத்தி சாவது மேல், இதில் என்ன சந்தேகம்?” என்றாள். மற்றொருத்தி உடனே, “கயபா சொன்னதும் அதுதானே?” என்று கேட்டாள். இயேசுவைப் பிடிக்கத் திட்டமிட்டபோது, இனம் முழுவதும் அழிவதைவிட ஒருவர் சாவது நல்லது என்று தலைமைக் குரு கயபா கூறியது யோவான் நற்செய்தியில் வருகிறதன்றோ? வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிட்டது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் தாயின் மகள் ஒருத்தி, “நூறு பீஸில் டேமேஜ் பீஸை எங்கம்மா ஒதுக்குவாங்க. மனுஷியை அப்படி ஒதுக்கலாமா?” என்றாள். முதலாமவளும் விடவில்லை: “கிர்க் தள்ளவில்லை, லாரியும் ஓட்டவில்லை. மெக்காய் வராவிட்டாலும் அவள் இறந்துதான் இருப்பாள். கெட்டுப்போனதைப் பழையபடி ஆக்கினார், அவ்வளவே.” இது வலுவான வாதம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நன்மை வரும் என்று தீமை செய்யலாகாது என மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். காப்பாற்றப் போகிறவரின் கையைப் பிடிப்பது தீமையா, சும்மா நிற்பதா? மணி அடித்துவிட்டது.

வீட்டில் என் அமத்தாவுக்கும் கதையைச் சொன்னேன். விண்கலம், காலவாயில் எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே கேட்டார்: “அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா கண்ணு?”

சொல்லவில்லை. நான் படித்த கருத்துகளில் பெரும்பாலானவை கிர்க் செய்தது சரியா என்றே கேட்கின்றன. எடித்தை யாரும் கேட்கவில்லையே என்று கேட்பவர் குறைவு. 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் இக்கதையைச் சொன்னால் நம்பக்கூடிய ஒருத்தி இருந்தாளென்றால் அது அவள்தான். விண்கலங்கள் வரும் என்று தானே பேசியவள். கிர்க்கும் ஸ்பாக்கும் இவ்விடத்தவர் அல்லர் என்று முதலிலேயே உணர்ந்தவள்.

புனித மாக்சிமிலியன் கோல்பேயை இங்கே நினைக்கிறேன். 1941இல் அவுஷ்விட்ஸ் சிறையிலிருந்து ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் தம் மனைவி மக்களை எண்ணிக் கதறினார். கோல்பே முன்வந்து அவருக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆகஸ்டு 14இல் உயிர் துறந்தார். பிழைத்த அந்த மனிதர், 1982இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது உரோமையில் இருந்தார். அங்கும் ஒருவருக்காக ஒருவர் இறந்தார். ஆனால் இறந்தவர் தாமே தேர்ந்தெடுத்தார். எடித்துக்கு அந்த உரிமை தரப்படவில்லை. உண்மையை அறிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? சமாதான இயக்கமே வேண்டாமென விட்டிருப்பாளோ? ஏழைகளுக்குச் சூப்பு ஊற்றுவதோடு நின்றிருப்பாளோ? தானே சாலையில் இறங்கியிருப்பாளோ? அவளை எதிர்காலத்துக்கு அழைத்துச் சென்றிருக்கலாமே என்றும் சில ரசிகர்கள் யோசனை கூறியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், ஆனால் சூப்புக்காக வரிசையில் நிற்பவர்களை விட்டுவிட்டு அவள் கிளம்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு பேரை வாதிட வைத்த கதையில், அந்தச் சாவுக்குப் பிறகு கிர்க் பேசுவது மிகக் குறைவு. காலவாயிலைக் கடந்து திரும்புகிறார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, இன்னும் பல பயணங்கள் போகலாம் என்று அவ்வாயில் அழைக்கிறது. கிர்க் இங்கிருந்து கிளம்புவோம் என்கிறார். அந்த வாக்கியத்தின் நடுவே, அக்காலத் தொலைக்காட்சியில் வழக்கமில்லாத ஒரு கடுஞ்சொல்லும் வருகிறது. அச்சொல்லை நம் ஆண்டு மலரில் அச்சிட சிஸ்டர் ஒப்ப மாட்டார்கள்.