புத்தளக் கரையும் நகரமைப்பும்

இளங்கோவடிகள் புகார் நகரை நமக்குக் காட்டப் புகும்போது அரண்மனை வாயிலில் தொடங்கவில்லை. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தையே முதலிற் காட்டுகின்றார். உப்பு விற்போர், மீன் விற்போர், நெசவாளர், கடல் கடந்து வந்து தங்கிய யவனர் ஆகியோரின் இருப்பிடங்களைச் சொன்ன பின்னரே அரச வீதியும் பெருங்குடி மக்களின் மனைகளும் நிறைந்த பட்டினப்பாக்கத்துக்கு வருகின்றார். நகரமைப்பு என்று இன்று நாம் கூறும் கலைக்கு இது நல்லதொரு தொடக்கமன்றோ? ஊரில் வாழ்வோர் யாவர் என்பது முதற் கேள்வி. தெருவும் பாலமும் அதற்குப் பின்னர் வருபவை.

உப்பும் மீனும் குறைவில்லாத புத்தளக் கரையை நோக்கும் எவருக்கும் இந்நினைவு எழாமற் போகாது. புது அளம் என்பதே புத்தளம் ஆயிற்று என்பர். 1344 இல் இங்கு வந்திறங்கிய இபுனு பதூதா, முத்துக் குவியலோடு வீற்றிருந்த ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு பேசி, இங்கிருந்தே பாவாத மலைக்குப் புறப்பட்டார். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குளங்களையும் குடிகளையும் அகரவரிசையில் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஆங்கில நூலை 1834 இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் அவருடைய நூலை நம்மவர் நன்கறிவர். ஊர்க் கணக்கெழுதிய காசிச்செட்டியை அத்துணை அறியார். இத்தீவின் ஊர்களைக் கணக்கெடுக்க வழிகாட்டியவர் பிறந்த கரையிலேயே, பின்வந்தோர் கணக்கெடாமற் கோடு கிழித்தனர்.

இக்கரைக்கு வந்த பாதைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். 1667 இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர், களப்புகளையும் ஓடைகளையும் வாய்க்கால்களால் இணைத்துக் கொழும்பு வரையிலான நீர்வழியை வளர்த்தனர். பாக்கும் உப்பும் அவ்வழியே சென்றன. ஆங்கிலேயர் காலத்துப் புகையிரதம் 1916 இற் சிலாபத்தையும், 1926 இற் புத்தளத்தையும் எட்டியது. பின்னர் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தபோது, அதற்கு வேண்டிய சுண்ணக்கல்லை ஏற்றிவர இருப்புப்பாதை வடக்கே அருவக்காடு வரை நீண்டது. கல் போகும் அத்தூரத்துக்கு மனிதர் போக வண்டி விடப்படவில்லை. நுரைச்சோலையில் 2011 இல் முதற் பொறி இயங்கி, 2014 இல் 900 மெகாவாற்றாக நிறைவுற்ற அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் நிலக்கரி வருகின்றது. மின்சாரம் நாடெங்கும் செல்ல, சாம்பலையும் தூசியையும் பற்றிய முறைப்பாடு மட்டும் அயலூர்களில் தங்கிவிட்டது.

கடைசியாக வந்தது குப்பை. 2017 ஏப்ரில் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை குடியிருப்புகளின் மேற் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு கலங்கிற்று. அதற்குக் கண்ட பரிகாரம் யாது? ஏறத்தாழ 170 கிலோமீற்றருக்கு அப்பால், வில்பத்துக் காட்டின் ஓரமாக, சுண்ணக்கல் அகழ்ந்த அருவக்காட்டுக்குத் தலைநகரின் கழிவைப் புகையிரதத்தில் அனுப்பும் திட்டமே அது. புத்தளத்து மக்கள் 2018 இலும் 2019 இலும் வீதிக்கு வந்து மறுத்தனர். ஆயினும் 2019 ஆகஸ்டிற் கழிவு வந்திறங்கத் தொடங்கிற்று. கொழும்புக்கு அது நகரமைப்பாயிருக்கலாம். புத்தளத்துக்கு அஃது என்ன பெயர் பெறும்?

இவையெல்லாம் திட்டமிட்டு வந்தவை. இக்கரையின் ஊர்களையே உருமாற்றிய பெருநிகழ்ச்சியோ எந்தத் திட்டத்திலும் இல்லாதது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குச் சில மணி நேரமே தவணை கிடைத்தது. மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்தோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட, அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தையே அடைந்தனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் முதலில் இடங்கொடுத்தன. ஊரவர் சோறு கொடுத்தனர். பின்னர் தென்னந்தோட்டங்களிலும் வெறும் மணற்றரையிலும் கிடுகுக் கொட்டில்கள் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களாக எழுந்தன. சிறியதொரு மாவட்டத்தின் சில பிரிவுகளுக்குள் ஒரு நகரத்தளவு மக்கள் சில வாரங்களில் வந்து சேர்ந்தனர் என்றால், அதன் பொருளை வாசகர் சற்று நின்று எண்ண வேண்டும்.

அரசாங்க ஏடுகளில் அவர்கள் தற்காலிக வாசிகளாகவே இருந்தனர். தற்காலிகம் என்ற சொல் நகரமைப்பில் மிகவும் கொடியது. தற்காலிகக் குடியிருப்புக்கு வடிகால் வேண்டுவதில்லை. ஒழுங்கைக்கு அகலம் வேண்டுவதில்லை. காணிக்கு உறுதியும் வேண்டுவதில்லை. ஆண்டுகள் பல கழிந்து, அக்கொட்டில்களிற் பிறந்த பிள்ளைகள் மணமுடித்த காலத்திலும் அச்சொல் மாறவில்லை. சோறு கொடுத்த ஊரவரும், தம் பாடசாலையும் மருத்துவமனையும் கிணறும் நெரிசலுற்றபோது மனங்குறைந்தனர். அதனை வன்மம் என்று ஒதுக்குதல் நியாயமன்று. ஒருவருக்கு அளவாக இருந்ததை இருவருக்குப் போதுமெனப் பாசாங்கு செய்தவர் வேறெங்கோ இருந்தனர்.

கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். கற்பிட்டித் தீபகற்பம் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த மணற்பட்டை. பெய்யும் மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. அதையே ஆழமற்ற கிணறுகளில் மொண்டு குடிக்கின்றனர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கின்றனர். அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்துக்கு இடும் உரமோ மணலில் தங்காமல் நீரோடு கலந்துவிடும். இப்பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுதியாக இருப்பதை ஆராய்ச்சியாளர் 1980களிலேயே எடுத்துக் காட்டினர். இத்தகைய நிலத்திற் குறுகிய வளவுகளில் கிணற்றையும் மலகூடக் குழியையும் நெருக்கி வைத்தால் விளைவதென்ன? ஆகவே இங்கு வீட்டுத் திட்டம் என்பது சுவரும் கூரையும் மாத்திரமன்று. வளவின் அளவையும், கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தையும் தீர்மானிப்பதே அதன் முதல் வேலை.

2007 இல் உலக வங்கியின் 3 கோடி 20 இலட்சம் டொலர் உதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் இவ்வழியிற் சில நல்ல அடிகளை எடுத்து வைத்தது. ஒப்பந்தகாரர் வரிசையாகக் கட்டிக் கொடுக்கும் முறையை விடுத்து, குடும்பத்தாரிடமே தவணையாகப் பணம் கொடுத்துக் கட்டச் செய்தனர். காணி உறுதியும் நீரும் மலகூடமும் திட்டத்திற் சேர்ந்தன. ஊரவருள் வறியோருக்கும் பங்கு கிடைத்தது. பதினேழு ஆண்டு தாமதித்து வந்ததேயாயினும், அது பாராட்டத் தக்கது.

1921 இற் கொழும்பு நகரமைப்பைப் பற்றி அறிக்கை எழுதிய பற்றிக் கெடிஸ், நோயை அறியாமல் மருந்திடலாகாது என்று வற்புறுத்தியவர். ஊரை நடந்து பார்த்து, வீட்டையும் தொழிலையும் கேட்டறிந்த பின்னரே படம் வரைய வேண்டும் என்பது அவர் முறை. அம்முறையில் இக்கரையைப் பார்த்தால் முதலிற் கண்ணிற் படுவது மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையே பிளவுபட்ட குடும்பங்கள். 2009 இற் போர் முடிந்தபின் காணியும் வயலும் அங்கே, பிள்ளைகளின் படிப்பு இங்கே என்று வாழ்வோர் பலராயினர். கரையோரப் பழைய பாதை வில்பத்தினூடே செல்வதால், அதைத் திறப்பதற்கெதிராக 2010 இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கெழுந்தது. காட்டைப் பிளந்து பெருந்தெரு வேண்டும் என்று கேட்போருடன் யான் சேரேன். காடு அழிந்தால் மீளாது. ஆனால் அனுராதபுரம் சுற்றிச் செல்லும் நெடுவழியில் நேரந்தவறாத நேர்வழிப் பஸ் விடுவதற்கு எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் ஒரே பெருந்தெருவிலும், பாடசாலை நேரத்தை ஒட்டி வண்டிகளை ஒழுங்கு செய்வதற்குப் பன்னாட்டு வங்கியின் உதவி தேவைப்படாது.

எந்தப் பிள்ளை எத்துணைத் தூரம் நடந்து வருகின்றது, எந்த வீட்டுக் கிணறு கோடையில் உவர்க்கின்றது என்பவற்றை அதிகாரிகளைவிட ஆசிரியர்கள் நன்கறிவர். காசிச்செட்டி ஊர்தோறும் கேட்டெழுதியதைப் போல, உயர்வகுப்பு மாணவர் விடுமுறையில் அக்கணக்கைத் தொகுக்கலாம். வனாத்தவில்லு முதல் முந்தல் வரை ஒவ்வொரு பாடசாலையின் வரவு இடாப்பிலும் அதன் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கின்றது.