மனச்சுமை தணிக்கும் மாயக் கண்ணாடி

விஞ்ஞானம் தந்துள்ள புதுமைகளுள் ஒன்று மெய்நிகர் காட்சி. கண்களை முற்றிலும் மறைக்கும் கண்ணாடியைத் தலையில் அணிந்ததும், நாம் இருக்கும் அறை மறைந்து, கணிப்பொறி தீட்டிய வேறோர் உலகம் நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் உடன் திரும்புகிறது. 1968இல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து இதன் முன்னோடியை அமைத்தார்.

இது மருத்துவத்துக்கு வந்த வரலாறு சுவையானது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளர் படும் வேதனை சொல்லுந்தரமன்று. அதைத் தணிக்க, 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் இம்முறையைக் கையாளத் தொடங்கினர். பின்னர் அவர்கள் உருவாக்கிய பனி உலகில், நோயாளர் பனியுருண்டைகளை எறிந்து விளையாடுவர். மனம் பனியில் ஈடுபட, வலியின்மேல் செல்லும் கவனம் குறைந்தது. தீ சுட்டவருக்குப் பனியைக் காட்டியதே இதன் நுட்பம்.

2021 நவம்பரில், நாட்பட்ட இடுப்புவலிக்கு மூச்சுப் பயிற்சியும் மனத்தளர்வும் கற்பிக்கும் இத்தகைய கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறைக்கென ஆய்வு மையம் இயங்குகிறது.

இதனை வடிவமைப்போர் கருத வேண்டியவை பல. ‘நகர்கிறோம்’ என்று கண் கூற, ‘இல்லை’ என்று உட்செவி மறுத்தால் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். ஆகவே காட்சி தலையசைவுக்குப் பிந்தலாகாது. பயிற்சி குறுகியதாகவும் அமர்ந்தபடி செய்யத்தக்கதாகவும் இருத்தல் நலம். வழிநடத்தும் குரல் தாய்மொழியில் ஒலிக்க வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மன அமைதிக்கெனத் தீட்டப்படும் காட்சிகளில் கடற்கரை அடிக்கடி இடம்பெறுகிறது. நகரவாசிக்கு அலையோசை தாலாட்டாகலாம். பெரியதாழை போன்ற நம் கடலோர ஊர்களில்? 2004இல் ஆழிப்பேரலையையும் 2017இல் ஒக்கிப் புயலையும் கண்டது நம் தென்கடற்கரை. கடலுக்குச் சென்றவர் கரை திரும்பாத வீட்டில், அவ்வோசை ஆறாத புண்ணைக் கீறிவிடாதா? அவ்வீட்டாருக்குத் தேரிமணலும் பனைநிழலும் ஆறுதலாகலாம். அஞ்சிய காட்சியையே சிறுகச் சிறுகக் காட்டி அச்சம் போக்கும் முறையும் உண்டு. ஆனால் அது மனநல வல்லுநர் அருகிருந்து செய்ய வேண்டியது.

கண்ணாடி எதுவும் மருத்துவருக்கோ மனிதத் துணைக்கோ மாற்றாகாது. மனச்சுமை மிகுந்தோர் 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம். கணிப்பொறி பயிலும் நம் இளைஞர்கள் இத்தகைய காட்சிகளை உருவாக்க முன்வரட்டும். அதற்குமுன், துயருற்றோரின் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் மனம் எங்கே இளைப்பாறும் என்று கேட்டறியட்டும்.